கிளிப் பைல் லைன் நின்றால் எங்கே கை வைப்பது

கடையில் கோப்ரா பைல் என்று கேட்டு வாங்குவீர்களே, அட்டைக்குள் இரும்புக் கிளிப்பை ரிவெட் அடித்து வரும் பைல், அதைச் செய்யும் லைனில்தான் எனக்கு வேலை. சிவகாசிப் பக்கம் ஒரு யூனிட். பீடர் அட்டையை எடுக்கும். முதுகில் கிரீஸ், அதாவது மடிப்புக் கோடு, விழும். பஞ்ச் ஓட்டை போடும். மேகசினிலிருந்து கிளிப் வந்து உட்காரும். ரிவெட் இறங்கும். உள்பை ஒட்டப் பசை விழும். மடிந்து அடுக்காக வெளியே வரும். மார்ச் கணக்கு முடிப்புக்கும் ஜூன் பள்ளித் திறப்புக்கும் ஆர்டர் குவியும்போதுதான் இது நிற்கும். மற்ற மாதங்களிலும் நிற்கும்தான். அப்போது யாரும் சத்தம் போடுவதில்லை, அவ்வளவே.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைனில் ஒவ்வொரு வேலை நடக்கும் இடத்தையும் ஸ்டேஷன் என்போம். திரையில் எந்த ஸ்டேஷன் சிவப்பாக எரிகிறதோ, அங்கே லைன் நின்றிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கெட்டது பெரும்பாலும் அதற்கு ஒன்றிரண்டு ஸ்டேஷன் முன்னால் இருக்கும். ரிவெட் ஸ்டேஷனைக் கழற்றிப் போட்டுப் பாதி ஷிஃப்ட் தேடிவிட்டு, கடைசியில் அட்டை வெட்டு கோணல் என்று கண்டுபிடித்த நாள்கள் எனக்கு உண்டு.

கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ஏர் வால்வையும் மூடி, லைனில் மிச்சமிருக்கும் காற்றை வெளியே விடுங்கள். கரண்ட் போனாலும் சிலிண்டருக்குள் காற்று நிற்கும். மாட்டிக்கொண்ட அட்டையை உருவிய நொடியில் ரிவெட் தலை கீழே இறங்கும். விரல் இருக்கும் இடம் அது.

## அட்டையை எடுக்கவில்லை, அல்லது இரண்டிரண்டாக எடுக்கிறது

எடுக்கவே இல்லை என்றால் முதலில் அட்டையை உறிஞ்சித் தூக்கும் ரப்பர் கிண்ணத்தை, சக்கர் கப்பை, தடவிப் பாருங்கள். விளிம்பு வெடித்திருக்கும், அல்லது கல்லாகக் கெட்டிப்பட்டிருக்கும். நல்லதாக இருந்தால் அடுத்து வேக்குவம் பம்ப் ஃபில்டர். அட்டைத் தூசி பஞ்சாகப் படிந்து அடைத்திருக்கும், கழற்றி ஏர் அடித்தால் போதும். அதுவும் சுத்தம் என்றால் ட்யூபில் கீறல். ஒரு சக்கர் கப்பை விரலால் மூடி வேக்குவம் கேஜ் முள்ளைப் பாருங்கள். எல்லாவற்றையும் மூடியும் முள் ஏறவில்லை என்றால் பம்பின் கார்பன் பிளேடு தேய்ந்திருக்கிறது. அது செட்டாக மாற்ற வேண்டிய சாமான், பம்ப் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இரண்டாக வருகிறது என்றால் பீடரைத் திட்டாதீர்கள். கட்டிங் மெஷின் பிளேடு மழுங்கியிருந்தால் வெட்டு ஓரத்தில் பிசிறு எழும்பி, ஒரு அட்டை அடுத்ததைக் கவ்விக்கொள்ளும். அடுக்கின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் தெரிந்துவிடும். அடுக்கை நன்றாக விசிறிவிட்டு வைத்தால் அன்றைய ஷிஃப்ட் ஓடும், பிளேடை மறுநாள் சாணைக்கு அனுப்பலாம். லேமினேஷன் அட்டை என்றால் ஸ்டேடிக் சேர்ந்துகொள்ளும், பிரித்துவிடும் ஏர் நாசிலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

## மடிப்பில் அட்டை வெடிக்கிறது

வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது முதுகைத்தான். அதனால் அதிகமாகத் திரும்பி வருவதும் இந்தக் குறைக்குத்தான்.

முதல் சந்தேகம் அட்டையின் நார் ஓட்டம். மில்லில் அட்டை ஓடிய திசையிலேயே நார் படுத்திருக்கும். நாருக்கு இணையாக மடித்தால் அமைதியாக மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். பைலின் முதுகும் நாரும் ஒரே திசையில் இருக்க வேண்டும். பார்ப்பது சுலபம்: உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை வெட்டி, லேமினேஷன் இல்லாத பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். துண்டு குழாய் மாதிரிச் சுருளும். அந்தக் குழாயின் நீளவாக்குதான் நார் ஓட்டம். ஷீட்டைத் திருப்பி வெட்டினால் இன்னும் ஒரு பைல் அதிகம் கிடைக்கிறது என்று கட்டிங்கில் யாராவது கெட்டிக்காரத்தனம் பண்ணியிருப்பார். அந்த லாட்டை மெஷின் செட்டிங்கால் காப்பாற்ற முடியாது. நான் முயன்றிருக்கிறேன்.

நார் சரியாக இருந்தால் அட்டை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் கிடக்கும் அட்டை அப்பளம் மாதிரி ஆகிவிடும். காகிதத்தைச் சோதிக்கும் சர்வதேச முறையில் 23 டிகிரி சூடு, 50 சதவீத ஈரப்பதம் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஷெட்டில் அதெல்லாம் நடக்காது. ஆனால் மறுநாள் ஓட்ட வேண்டிய பண்டலை முந்தின நாளே, உறை பிரிக்காமல், மெஷின் ஹாலுக்குள் கொண்டுவந்து வைக்க முடியும். அதைச் செய்தாலே பாதி வெடிப்பு நின்றுவிடுகிறது. தண்ணீர் தெளிக்கும் வைத்தியம் வேண்டாம், ஓரம் மட்டும் ஊறி அலை அலையாக எழும்பும்.

மூன்றாவதாகக் கிரீஸ் அழுத்தும் இரும்புப் பட்டையான ரூலும் அதன் கீழ்ப் பள்ளமும். அட்டை கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, அதை ஒன்றரையால் பெருக்கி, ரூல் கனத்தைக் கூட்டினால் பள்ளத்தின் அகலம் வரும். 0.4 மி.மீ. அட்டை, 0.71 மி.மீ. ரூல் என்றால் 1.3 மி.மீ. பள்ளம். ஆழம் ஏறக்குறைய அட்டையின் கனம். கனத்த அட்டைக்கு மாறும்போது பள்ளத்தை மாற்ற மறந்தால் கிரீஸ் விழாது, அட்டை நசுங்கும். அழுத்தத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். அப்போதுதான் ரூல் கத்தி மாதிரி வெட்டி, மடிப்பில் பிளவு விழும்.

கிரீஸ் நன்றாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்? ரூல் இறங்கிய பக்கத்துக்கு மறுபக்கம் ஒரு மணிக்கயிறு மாதிரி மேடு எழும்பியிருக்க வேண்டும், மடிக்கும்போது அந்த மேடு உள்பக்கம் போக வேண்டும். சில புதுப் பையன்கள் அதைப் பள்ளமாக நினைத்து எதிர்ப்பக்கம் மடிக்கிறார்கள். மேடு இரண்டாகப் பிளந்து தெரிந்தால் பள்ளத்துக்கு நடுவில் ரூல் இறங்கவில்லை.

வெடிப்பு முதுகின் ஒரு முனையில் மட்டும் என்றால் டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அடியில் பேப்பர் வைத்து ஏற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று பேப்பருக்கு மேல் தேவைப்பட்டால் பிளேட்டே தேய்ந்திருக்கலாம், டை செய்பவரைக் கூப்பிடும் நேரம் அதுதான்.

## ஓட்டை இடம் மாறி விழுகிறது

இதில் எப்படி நகர்கிறது என்பதுதான் துப்பு. வரிசையாக 20 பைலை எடுத்து, ஓரத்திலிருந்து ஓட்டை நடு வரைக்கும் அளந்து எழுதுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

எல்லாம் ஒரே அளவு தள்ளியிருக்கிறது: ஸ்டாப்பர் நகர்ந்திருக்கிறது. அட்டை முட்டி நிற்கும் அந்தச் சின்ன இரும்புத் துண்டின் போல்ட் தளர்ந்திருக்கும். திருப்பி வைத்து முறுக்குங்கள், பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த தடவை நகர்ந்தால் கோடு சொல்லும். சைஸ் மாற்றிவிட்டுப் பழைய எண்ணை பி.எல்.சி.யில், அதாவது மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர் பெட்டியில், விட்டுவிட்டாலும் இதே அறிகுறிதான்.

ஒவ்வொன்றும் ஒரு மாதிரி: அட்டை சதுரமாக வெட்டப்படவில்லை. இரண்டு ஷீட்டை எடுத்து, ஒன்றைக் குப்புறத் திருப்பி மற்றதன் மேல் வைத்து, ஒரு ஓரத்தைச் சேர்த்துப் பிடியுங்கள். வேறு எந்த ஓரத்திலாவது ஒன்று மற்றதைத் தாண்டி நின்றால் கட்டிங் கோணல், அளவுகோலே வேண்டாம். சதுரம் சரி என்றால் கொண்டு செல்லும் பெல்ட் வழுக்குகிறது. தூசியைத் துடைத்து, இழுப்பைப் பாருங்கள்.

காலையில் சரி, மாலைக்குள் மெல்ல மெல்லத் தள்ளிப்போகிறது: ஏதோ ஒன்று தளர்ந்துகொண்டே வருகிறது. கப்ளிங், பல் பெல்ட், சக்கரம் தண்டில் சுழன்றுவிடாமல் பிடிக்கும் சாவிக்கட்டை என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டார் தண்டில் சாவிக்கட்டை ஆடினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். தண்டு தேய்ந்தால் செலவு வேறு கணக்கு.

இரண்டு ஓட்டைப் பேப்பருக்கான கிளிப் என்றால் கம்பிகளுக்கு நடு 80 மி.மீ. இருக்க வேண்டும். அது சர்வதேசத் தரப் பஞ்ச் அளவு, அரை மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது. கிளிப் சப்ளை லாட் மாறினால் முதலில் ஒரு கைப்பிடியை அள்ளி வெர்னியரில் அளந்துவிடுங்கள். வாங்கிய கிளிப்பிலேயே அளவு விலகியிருந்து, பஞ்ச் டையைக் கழற்றிச் சாணைக்கு அனுப்பிய கதை எங்களிடம் இருக்கிறது.

ஓட்டை ஓரத்தில் முடி மாதிரிப் பிசிறு வந்தால் பஞ்ச் மழுங்கியது. சாணை பிடித்தால் பஞ்ச் நீளம் குறையும், இறங்கும் ஆழத்தை மறுபடி வைக்க வேண்டும். வெட்டிய பொட்டுகள் விழும் குழாயையும் பாருங்கள். அது அடைத்தால் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு நாள் பஞ்சையே ஒடித்துவிடும்.

## கிளிப் ஆடுகிறது, ரிவெட் சரியாகப் பிடிக்கவில்லை

இந்தத் தலைப்பில் நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். மற்ற குறைகள் யூனிட்டுக்குள்ளேயே தெரிந்துவிடும். ரிவெட் குறை மட்டும் ஆபீசில் யாரோ 200 பேப்பரைக் கோர்த்த பிறகுதான் தெரியும்.

மணிக்கு ஒரு தடவை ஒரு பைலை எடுத்துக் கிளிப்பை விரலால் திருகுங்கள். நகரவே கூடாது. நகர்ந்தால், மெஷினைத் தொடும் முன் மூன்றை அளந்துகொள்ளுங்கள்: அட்டை, கிளிப் அடித்தகடு, வாஷர். மூன்றையும் சேர்த்த கனத்துக்கு மேல் ரிவெட் தண்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே பாதி குழாயாக இருக்கும் ரிவெட்டுக்கு, தண்டு விட்டத்தில் 50 முதல் 70 சதவீதம் வரை நீட்டல் வேண்டும். 3 மி.மீ. தண்டு என்றால் 1.5 முதல் 2.1 மி.மீ. வரை. அட்டை 0.6, தகடு 0.6, வாஷர் 0.5 என்றால் மொத்தம் 1.7. அப்போது 3.2க்கும் 3.8க்கும் இடைப்பட்ட நீளத்து ரிவெட் போதும்.

அட்டை லாட் மாறி கனம் கொஞ்சம் குறைந்தால் அதே ரிவெட் நீளமாகிவிடும். நீளமான ரிவெட் நடுவில் வளைந்து சாய்ந்து அடங்கும். கனம் கூடினால் ரிவெட் குட்டையாகி, அதன் வாய் சுருள்வது பாதியிலேயே நின்றுவிடும். அறிகுறி இரண்டிலும் கிளிப் ஆடுவதுதான். ரிவெட்டை நெம்பி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால்தான் எது என்று புரியும்.

அளவு சரி என்றால் வரிசை இப்படி:

காற்று. ஸ்டேஷன் கேஜில் 6 பார் காட்டுகிறது, எல்லாம் சரி என்று நகர்ந்துவிடாதீர்கள். தலை இறங்கும் அந்த நொடியில் முள்ளைப் பாருங்கள். சடாரென்று கீழே விழுந்து ஏறினால், மெஷின் நிற்கும்போது காற்று இருக்கிறது, வேலை செய்யும்போது இல்லை. பக்கத்து மெஷின் அதே லைனில் குடிக்கிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது மெல்லிய ட்யூப் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழையில் காற்று லைனில் தண்ணீர் சேரும். ஃபில்டர் கிண்ணத்தைத் தினமும் காலையில் வடித்துவிட்டால் காற்றைத் திறந்து மூடும் மின் வால்வு, சொலினாய்டு வால்வு, இரண்டு மடங்கு காலம் உழைக்கும் என்பது என் அனுபவம்.

சுருட்டும் டூல். ரிவெட் வாய் பூ மாதிரி விரிந்து சுருளாமல் நான்காகக் கிழிந்திருந்தால், டூலின் முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சொரசொரப்பு இருக்கும். நைஸ் எமரி போட்டுப் பளபளப்பாக்கினால் சரியாகும். பளபளப்பாக்கிய பிறகும் கிழிந்தால் ரிவெட்டே கெட்டியான சரக்கு, சப்ளையருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

நேர்க்கோடு. மேல் டூலும் கீழ் தாங்கியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? ரிவெட் இல்லாமல் நடுவில் கார்பன் பேப்பரும் வெள்ளைத் தாளும் வைத்து, கையால் மெல்ல இறக்கிப் பாருங்கள். வட்டம் ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாகப் பதிந்தால் சாய்வு. ஷிம் போட்டுச் சரிசெய்யலாம். கைடு புஷ் தேய்ந்து தலையே ஆடுகிறது என்றால் அது உங்கள் வேலையல்ல, டூல் ரூம் வேலை.

ரிவெட் பிடித்திருக்கிறது, ஆனால் அட்டை வட்டமாக நசுங்கிக் கிழிகிறது என்றால் வாஷர் விழாமல் ஓடுகிறது. அழுத்தத்தைக் குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள், வாஷரைத் தேடுங்கள்.

## ரிவெட் வந்து சேரவில்லை

அதிர்ந்து அதிர்ந்து ரிவெட்டை வரிசையாக அனுப்பும் வட்டத் தட்டு, பவுல் பீடர். அதில் ரிவெட்டை மலையாகக் கொட்டியிருப்பார்கள். அடிக்கடி எழுந்து போகச் சோம்பல். பாதிக்கு மேல் கொட்டினால் அதிர்வு செத்துவிடும். அள்ளி வெளியே எடுங்கள். பிறகு தட்டின் சுவரில் விரல் வைத்து எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். ரிவெட்டோடு வந்த எண்ணெய் படிந்தால் ரிவெட் ஏறாமல் வழுக்கி நிற்கும். துடைத்தால் போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால் தட்டின் நடு போல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து அடியிலிருக்கும் பட்டை ஸ்பிரிங். முடியளவு கீறல் இருந்தாலும் அதிர்வு பாதியாகிவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றி வளைத்துப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே சமயம் கழற்றினால் திரும்ப உட்கார வைப்பது தலைவேதனை. காந்தக் காயிலுக்கும் தட்டுக்கும் இடைவெளி குறைந்து முட்டினால் கடகடவென்று சத்தம் வரும். காயில் கருகிய வாசனை வந்தால் எலெக்ட்ரீஷியன்.

## பசை

160 முதல் 180 டிகிரி வரை ஓடும் ஹாட் மெல்ட் என்றால்: நூல் நூலாக இழுக்கிறது என்றால் சூடு பற்றவில்லை, அல்லது நாசில் முனையில் கரி. பழுப்பாகி நாற்றம் வந்தால் இரவு முழுக்க அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒட்டியது மறுநாள் பிரிகிறது என்றால் மேலே ஓடும் ஃபேன் பசையை ஒட்டுவதற்கு முன்பே ஆற்றிவிடுகிறது. ஃபேனைத் திருப்புங்கள். பை ஒட்டும் இடத்திலும் லேமினேஷன் ஏறியிருந்தால் எந்தச் சூட்டிலும் பிடிமானம் குறையும், அந்தப் பட்டையை ஃபிலிம் இல்லாமல் விடச் சொல்ல வேண்டும். தொட்டிச் சூட்டில் கை பட்டால் பசையைப் பிய்க்காதீர்கள், தண்ணீரில் காட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## முடிந்த பைல் வாழைப்பழமாக வளைகிறது

வளைவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஃபிலிம் பக்கம் உள்ளே வளைந்தால் அட்டை ஈரம் குடித்து விரிந்திருக்கிறது. ஃபிலிம் விரியாது, அதனால் அது இழுத்துப் பிடிக்கிறது. மழைக்காலக் குறை. ஃபிலிம் பக்கம் வெளியே பிதுங்கினால் அட்டை காய்ந்து சுருங்கியிருக்கிறது, கோடைக் குறை. இரண்டுக்கும் மெஷினில் திருகு கிடையாது. பிளாஸ்டிக் உறை போட்டு, தட்டையாக, மேலே பாரம் வைத்து அடுக்குங்கள். லேமினேஷனிலேயே ஃபிலிமை இறுக்கி இழுத்து ஓட்டியிருந்தால் எந்தக் காலத்திலும் வளையும். லேமினேஷன் போட்டவரிடம் சாம்பிளோடு போய்ப் பேசுங்கள்.

## காரணமே இல்லாமல் நிற்கிறது, ரீசெட் பண்ணினால் ஓடுகிறது

இதற்குத்தான் ஆபரேட்டர்கள் ஆள் வைத்துத் திருஷ்டி கழிப்பார்கள்.

"அண்ணே, சென்சார் போச்சுண்ணே."

"போகலை தம்பி. துடைச்சியா?"

போட்டோ சென்சார் கண்ணில் அட்டைத் தூசி படிவதுதான் முதல் காரணம். உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் கண் மங்கிவிடும்.

நிற்பது ஒரு குறிப்பிட்ட ஆர்டரில் மட்டும் என்றால் அட்டையின் நிறத்தைக் கவனியுங்கள். பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பார்க்கும் சென்சாருக்குக் கறுப்பு அட்டை கண்ணுக்கே தெரியாது, பளபள லேமினேஷனோ வெளிச்சத்தைத் தப்பான பக்கம் தெறிக்கவிடும். ஒரு வக்கீல் ஆபீஸ் ஆர்டர், முழுக்கக் கறுப்பு. அன்று மாலை வரை சென்சாரை மாற்றி மாற்றிப் போட்டோம். கடைசியில் சென்சிடிவிட்டித் திருகை அரைச் சுற்று திருப்பியதும் ஓடியது. கிளிப்பைப் பார்ப்பது இரும்பை உணரும் இண்டக்டிவ் சென்சார், அதற்கு நிறம் பிரச்சினை இல்லை. அதற்குத் தூரம்தான் பிரச்சினை, தாங்கி வளைந்தால் கிளிப் எட்டாது.

துடைத்தாயிற்று, நிறமும் பழையதுதான் என்றால், சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று காட்ட அதன் மேல் கட்டியிருக்கும் ரீட் சுவிட்ச் நகர்ந்திருக்கிறதா பாருங்கள். பி.எல்.சி. இன்புட் விளக்கைப் பார்த்துக்கொண்டே இன்னொருவரை வயரை அசைக்கச் சொல்லுங்கள், விளக்கு மினுக்கினால் அந்த வயர்தான். அசையும் செயினுக்குள் ஓடும் வயர் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். பாதுகாப்புக் கதவுச் சுவிட்சையும் எமர்ஜென்சி பட்டனையும் இதே மாதிரி அசைத்துப் பாருங்கள். சுவிட்சை வயர் போட்டு ஷார்ட் பண்ணி ஓட்டுவது மட்டும் வேண்டாம். அந்தக் கதவு உங்கள் கைக்காகத்தான் இருக்கிறது.

அதற்கு அடுத்து 24 வோல்ட் சப்ளை. மெஷின் நிற்கும்போது அளந்தால் 24 காட்டும். எல்லா சொலினாய்டும் சேர்ந்து அடிக்கும்போது அளங்கள். கீழே விழுந்தால் பவர் சப்ளை களைத்திருக்கிறது, அல்லது எங்கோ டெர்மினல் தளர்ந்திருக்கிறது. மோட்டார் டிரைவ் வயரும் சென்சார் வயரும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்துப் போடுங்கள், எர்த்தையும் பாருங்கள். மெயின் பேனலைத் திறக்க வேண்டி வந்தால் எலெக்ட்ரீஷியன் திறக்கட்டும்.

பி.எல்.சி.யில் பேட்டரி விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டு மாற்றலாம் என்று கிளம்பாதீர்கள். சில மாடல்களில் கரண்ட்டும் பேட்டரியும் ஒன்றாகப் போனால் புரோகிராமே அழிந்துவிடும். மெஷின் கொடுத்தவரைக் கூப்பிட்டு, பேக்கப் வாங்கி வைத்த பிறகு தொடுங்கள்.

சர்வீஸ் ஆள் வர ஊரிலிருந்து ஒரு நாள் ஆகும், வந்து நிற்கும் நேரத்துக்கும் காசு. போன் போடும் முன் அலாரம் எண்ணைப் போட்டோ எடுங்கள், நின்ற நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று மூன்று ஷிஃப்ட் ஆட்களிடமும் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லாரும் "ஒண்ணும் மாத்தலையே" என்றுதான் சொல்வார்கள். குப்பைத் தொட்டியில் புது அட்டை பண்டல் உறை கிடக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வந்து போன் போடுங்கள்.